அறுபத்தொண்ணு கையில் இருந்த துண்டு

இருநூறு அடி நீளமுள்ள ஒரு பொருளை ஊருக்குள் எப்படித் திருப்புவது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. சூரமங்கலம் அன்வர் பாட்சா ஏழாவதோடு நின்றவர். அவருக்கு அது தெரியும்.

அப்பா ஜங்ஷனில் பார்சல் மூட்டை ஏற்றி இறக்கியவர். மகன் பதினாறு வயதில் லாரியில் ஏறினார். ஏறினவர் முப்பது வருஷம் இறங்கவில்லை. கடைசிப் பத்து வருஷம் டிரெய்லர், அதிலும் காற்றாலை இறக்கை மட்டும். முன்னால் இன்ஜின், நடுவில் வெறும் இறக்கை, கடைசியில் தனியாக ஒரு சக்கரக் கட்டை. அந்தக் கட்டையைத் திருப்ப ஓர் ஆள் கையில் ரிமோட்டோடு பின்னாலேயே நடந்து வருவான். தன் வண்டியின் வால் எந்தத் தெருவில் கிடக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. நம்பித்தான் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டியே கேரளம் தவிர மிச்ச தென்னாடு முழுக்கச் சுற்றி வந்தவர் அவர்.

நடுவில் ஒருமுறை ஓசூர் தாண்டி ஒருத்தன் ஸ்கூட்டரைத் தானே கொண்டுவந்து மோதிவிட்டுப் பழியை லாரி மேல் போட்டான். ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். மறுநாளே முன் கண்ணாடியில் ஒரு கேமரா மாட்டினார். அதற்கப்புறம் ஓட்டிய ரோடு எல்லாம், எந்தப் பாலம் எத்தனை அடி, எந்த முக்கில் டிரான்ஸ்பார்மர் என்று வீடியோவாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

2021-இல் தூத்துக்குடியில் இறக்கையைக் கட்டிய சங்கிலி அறுந்து வலது முழங்காலில் அடித்தது. கால் இருக்கிறது, மடங்காது. மடங்காத கால் லாரிக்கு ஆகாது. ஆனால் நாமக்கல்லில் பதினோரு டிரெய்லர் வைத்திருந்த ஜெகதீஸ்வரன், ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர், கட்டில் ஓரமாக நின்று சொன்னார்:

"காலுதானுங்க பாய் மடங்காது. நீங்க பார்த்த ரோடு எங்கயும் போகலியே."

அன்றிலிருந்து அன்வர் பாய் வழி சொல்லும் ஆள் ஆனார். எந்த இறக்கை எங்கே போவதானாலும் முதலில் அவர் தன் பழைய வீடியோவைப் பார்ப்பார். இன்ன ஊருக்கு முன்னால் நிறுத்து, இன்ன பெட்ரோல் பங்கு வழியாக வாலை விடு என்று எழுதிக் கொடுப்பார். வண்டி ஓட்டாமலே பதினோரு வண்டி ஓட்டினார். சூரமங்கலத்தில் நொண்டி நடந்தாலும் நாமக்கல்லில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்தப் பெயர்தான் அவருக்கு மிச்சம் இருந்த சொத்து.

எழுதிக் கொடுத்தால் போதாது, வீடியோவே வேண்டும் என்று டிரைவர்கள் கேட்டார்கள். ஒரு வழி ஒன்பது ஜிபி இருக்கும். அதை வாட்ஸ்அப் விழுங்காது. பென் டிரைவில் ஏற்றி நாமக்கல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினால், அது போய்ச் சேருவதற்குள் கேட்டவன் நாக்பூர் தாண்டியிருப்பான். ஃபேர்லேண்ட்ஸில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சரிதாதான் டோரண்டில் போடச் சொன்னாள். அன்வர் பாய் முகத்தைச் சுளித்தார். அது திருட்டு சினிமாக்காரர்களின் வேலை ஆயிற்றே என்றார். கத்தியால் வெங்காயமும் நறுக்கலாம், ரோடு நீங்கள் ஓட்டினது, வீடியோ நீங்கள் எடுத்தது, யாருக்குப் பயம் என்று அவள் கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். டோரண்ட் அந்த வீடியோவை ஆயிரக்கணக்கான துண்டாக உடைத்துக்கொள்ளும். அன்வர் பாய் வீட்டிலிருந்து ஒருத்தன் நாலு துண்டு வாங்கினால், அந்த நாலையும் அடுத்தவனுக்கு அவனே கொடுப்பான். அடுத்தவன் வேறு நாலை இவனுக்குக் கொடுப்பான். ஒரே குடோன் வாசலில் முப்பது லாரி வரிசை கட்டி நிற்க வேண்டியதில்லை; வழியில் எதிர்ப்படும் லாரிக்காரர்களே ஒருத்தருக்கொருத்தர் சரக்கை மாற்றிக்கொள்வார்கள். முதல் இரண்டு மாதம் ஜோராக நடந்தது.

அப்புறம் புகார் வந்தது. வாங்கி முடித்த பிறகும் போன் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, அன்றாட டேட்டா மத்தியானத்துக்குள் காலி, வீட்டுக்குப் பேசக்கூட வழியில்லை என்றார்கள். அன்வர் பாய் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. டிரெய்லர் டிரைவர்களின் 'நீளவண்டி' குரூப்பில் குரல் பதிவு ஒன்று போட்டார். வாங்குவதை வாங்குங்கள், கொடுப்பதை ஒன்றில் வைத்துப் பூட்டிவிடுங்கள் என்றார். ஒன்று என்றால் நொடிக்கு ஒரு கேபி. பல்லிடுக்கில் தண்ணீர் விடுவதுபோல. அத்தனை பேரும் பூட்டினார்கள்.

ஒரு வண்டிகூடக் காலியாகத் திரும்பக் கூடாது, ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை இரண்டு நாள் ஆனாலும் காத்திருக்க வேண்டும் என்பதை வேதமாக வைத்திருக்கும் கூட்டம் அது. அந்தக் கூட்டம் முப்பத்தெட்டு பேரும் சேர்ந்து, வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பும் வேலையைச் செய்தார்கள். அது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கர்நாடகத்தில் கதக் போகும் வழியைப் போட்டார். போட்ட மூன்றாம் நாள் ஆத்தூரில் மச்சினிச்சி மகள் கல்யாணம். புறப்படும்போது, பொறுப்பான குடும்பஸ்தன் செய்வதுபோல, மெயினை அணைத்துவிட்டுப் போனார். நாலு நாள் லேப்டாப்பும் நெட்டும் நின்றன. அதற்கு முன் முழுசாக வாங்கியிருந்தது இரண்டே பேர். மற்றவர்களுக்கு எழுபது, எண்பது என்று நின்றது. ஒருத்தரிடம் இல்லாத துண்டு இன்னொருத்தரிடம் இருந்தும், எல்லார் வாசலிலும் பூட்டு. திரும்பி வந்தவர் அடுத்த வழியைப் போடும் அவசரத்தில் கதக்கை மறுபடி ஓடவிட மறந்தார்.

பரமத்தி வேலூர் முருகானந்தம் மட்டும் மறக்கவில்லை. அவனுக்கு அறுபத்தொரு சதவீதத்தில் நின்றுவிட்டது. தினம் காலையில் குரூப்பில் எழுதுவான், பாய், அறுபத்தொண்ணுலயே நிக்குதுங்க என்று. பத்தாவது நாள் அன்வர் பாய்க்கு எரிச்சல் வந்து, உன் லேப்டாப்புக்கு அவ்வளவுதான் யோகம், போய் வண்டியை ஓட்டுய்யா அறுபத்தொண்ணு என்று போட்டுவிட்டார். முப்பது பேர் சிரித்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. டோல்கேட்டில் 'அறுபத்தொண்ணு வருது, வழி விடு' என்று கத்தினார்கள். ஆறே மாதத்தில் முருகானந்தம் லாரியை விட்டான், குரூப்பை விட்டான், ஊரில் மாமனாரின் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்க்கப் போய்விட்டான். பேருக்காகத்தான் போனான் என்று சொல்ல முடியாது. பேரும் ஒரு காரணம்.

இந்த வருஷம் ஆடியில், அன்வர் பாயின் ஹார்டு டிஸ்க் செத்தது. அதை அவர் இத்தனை நாளும் இன்வர்ட்டர் மேல் வைத்திருந்தார். சூட்டில் வெந்துவிட்டது. சரிதா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி இது காகிதம் பறக்காமல் வைக்கத்தான் ஆகும் என்று சொல்லிக் கையில் கொடுத்தாள். ஏழு வருஷத்து ரோடு போயிற்று. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஜெகதீஸ்வரனிடம் குறிப்பாகச் சொல்லவில்லை. எல்லாம் தலைக்குள் இருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கந்தப்பன் போன் பண்ணினான். கதக்குக்கு இறக்கை கொண்டுபோன டிரைவர். பைபாஸில் பாலம் உடைந்து அடைத்திருக்கிறார்கள், ஊருக்குள் போனால்தான் வழி, சந்தை இல்லாத நாள் என்பதால் இன்றைக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை போலீஸ் அனுமதித்திருக்கிறது என்றான். ஊருக்குள் வலப்பக்கம் ஒரு திருப்பம். அதைப் பார்த்துவிட்டுக் காற்றாலைக் கம்பெனி இன்ஜினியர் தலையை ஆட்டுகிறார், இருநூறு அடி இங்கே திரும்பாது என்கிறார்.

"நான் திருப்பியிருக்கேன் கந்தப்பா," என்றார் அன்வர் பாய். "பத்தொம்போதுல. கிளை ரோட்டுக்கு நேர் எதிர்ல பஞ்சு மில்லு. வண்டியக் கேட்டைத் தாண்ட விட்டு, பின்னால எடுத்து மில்லோட மொத கேட்டுக்குள்ள வாலை விடு. மூஞ்சி தானா ரோட்டுக்குத் திரும்பும்."

கந்தப்பன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கேட் இருக்குதுங்க, சாக்கடை மேல ஸ்லாப்பும் புதுசாப் பூசி நல்லாத்தான் இருக்குது என்றான். அதோடு முடிந்திருக்க வேண்டும். எட்டு மணிக்கு ஜெகதீஸ்வரனே பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"நம்பாம கேக்கலீங்க பாய். அந்த இன்ஜினியர் பழைய வீடியோவக் கண்ணுல காட்டோணுங்கறாரு. மத்தியானம் ஒரு மணிக்குள்ள. இல்லீன்னா வண்டியத் திருப்பிச் சுத்து வழியில கொண்டு போவாராம். அடுத்து வார ஆறு றெக்கைக்கும் வேற கம்பெனி வழி பாக்குமாம், டிரோன் வெச்சு."

வேறு கம்பெனி என்றால் அன்வர் பாய் வேண்டாம் என்று அர்த்தம். ஜெகதீஸ்வரன் அதைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அன்வர் பாய் போனை வைத்தார். கையில் வீடியோ இல்லை.

லேப்டாப்பைத் திறந்தார். டோரண்ட் பட்டியலில் கதக் பேர் மட்டும் இருந்தது, சரக்கு பூஜ்யம். கதக் வழி வைத்திருக்கிறவர்கள் ஆப்பைத் திறங்கள் என்று குரூப்பில் போட்டார். முழுசாக வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் லேப்டாப்பை விற்றிருந்தார். இன்னொருவர் இடம் போதாமல் அழித்திருந்தார். ஆறு பேர் திறந்தார்கள், எல்லாம் அரைகுறை. வேகம் நொடிக்கு ஆறு கேபி. மிச்ச நேரம் என்ற இடத்தில் பதினேழு நாள் என்று காட்டியது.

அவர் நெட்காரனைத் திட்டினார். ரவுட்டரைத் தட்டினார். அப்புறம் சரிதாவுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்துக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு எடுத்தாள்.

"உங்க நெட்டு நல்லாத்தான் இருக்கும் பாய். அந்த ஆறு பேர் பேருக்கு நேரா என்ன வேகம் காட்டுதுன்னு படிங்க."

அவர் படித்தார். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு.

"ஏன் எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி ஒண்ணுல நிக்கறாங்க?"

ரோடு எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன, எதிர்ப்பக்கம் லாரியை எடுக்க ஆள் இல்லையென்றால் எது வரும். நான் சொல்லித்தான் என்றார். சரிதா சிரிக்கவில்லை. வழிந்துகொண்டிருந்த தொட்டிக் குழாயை மூடினாள்.

"அப்ப பூட்டு உங்களது. தொறக்க வேண்டியதும் நீங்கதான். அப்புறம் உங்களதையும் தொறங்க. குடுக்கறவனுக்குத்தான் இது அள்ளிக் குடுக்கும், குடுக்காதவனைக் கடைசியில நிறுத்தும். முழுசாத் தொறந்துராதீங்க, வார வழியும் அடைச்சுக்கும். கொஞ்சம் மூச்சு விட இடம் வைங்க."

இன்னொன்றும் சொன்னாள். வெளியிலிருந்து வருகிறவனை உள்ளே விடாமல் அவர் வீட்டு ரவுட்டர் கதவைச் சாத்தி வைத்திருந்தது. போன் நெட்டில் இருக்கிற டிரைவருக்கும் அப்படித்தான் சாத்தியிருக்கும். இரண்டு பக்கமும் சாத்தியிருந்தால் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். போனிலேயே ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி அந்தக் கதவைத் திறக்க வைத்தாள். இருபது நிமிஷம் ஆயிற்று. அவர் இரண்டு தடவை தப்பாக அடித்தார்.

அப்புறம் போனை வாயருகே வைத்துக் குரூப்பில் பேசினார். அவர் மன்னிப்புக் கேட்டு அந்தக் குரூப் பார்த்ததில்லை.

"முப்பது வருஷத்துல நான் ஒரு நாள் வண்டியக் காலியாத் திருப்புனதில்ல. உங்களைக் காலியாத் திருப்பச் சொன்னது நான்தான். தப்பு என்னோடது. ஹார்டு டிஸ்க்கும் போச்சு, அதையும் மறைச்சேன். கந்தப்பன் கதக்குல நிக்கறான். பூட்டைத் தொறங்க. இன்னிக்கு ஒரு நாள் டேட்டா போனாப் போகுது."

ஒன்பதே கால் இருக்கும். ஆறு முந்நூறு ஆயிற்று. முந்நூறு எழுநூறு ஆயிற்று. சமையற்கட்டிலிருந்து வந்த அவர் மனைவி அஜீஸா, இரண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ரவுட்டரை வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்து ஓடு ஓடு என்றால் எப்படி ஓடும் என்று கேட்டாள். டிவியை நிறுத்தினாள். அரிசி டிரம்மை ரவுட்டருக்குக் கீழே உருட்டி அதன்மேல் லேப்டாப்பை வைத்தாள். அவர் நீட்டின காலோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆயிரத்து இருநூறு.

அதற்கப்புறம் அவர் பார்த்தது வேகத்தை அல்ல, லாரிகளை. ராசிபுரத்தில் வீட்டில் இருந்தவன் ஒருத்தனே அறுநூறு கொடுத்தான், அவனுடையது கம்பி நெட். குண்டூரில் இருந்தவன் போனிலிருந்து எண்பது கொடுத்தான். நாக்பூர்க்காரன் நன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்து பத்தரைக்குச் சட்டென்று காணாமல் போனான். லோடு ஏற்றக் கூப்பிட்டிருப்பார்கள். வேகம் பாதியாக விழுந்தது. பதினொன்றுக்கு அவனே ஒரு டாபாவில் நிறுத்தித் திரும்ப வந்து சேர்ந்தான், ஏறியது. முன்னெல்லாம் இந்த எண் ஏறி இறங்கும்போது அவர் நெட்காரனின் அம்மாவை இழுப்பார். இன்றைக்குத்தான் புரிந்தது, வேகம் தன் வீட்டில் இல்லை. ஒருத்தன் டீ குடித்து முடித்தால் இங்கே குறையும். ஒருத்தன் டயர் பஞ்சரானால் இங்கே கூடும்.

பதினொன்று ஐம்பதுக்கு நின்றது. எண்பத்தெட்டு புள்ளி நாலு. வேகம் பூஜ்யம். ஆறு பேரும் இருந்தார்கள், பூட்டு இல்லை, கதவு திறந்திருந்தது. கொடுக்க எதுவும் இல்லை. மிச்சத் துண்டு ஆறு பேரிடமும் கிடையாது.

இருக்கிறதை ஓட்டிப் பார்ப்போம் என்று வீடியோவைப் போட்டார். ஊர் எல்லை வந்தது. பெட்ரோல் பங்கு வந்தது. பஞ்சு மில்லின் சுற்றுச்சுவர் தெரிந்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து, அடுத்த கணம் வண்டி கிளை ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. திரும்பின இடம் மட்டும் இல்லை.

இன்னும் எழுபது நிமிஷம். கதக் வழியை வாங்கினவர்கள் பேரை விரல் விட்டு எண்ணினார். ஒன்பது பேர். இரண்டு பேரிடம் அழிந்தது, ஆறு பேர் இங்கே. மிச்சம் ஒருத்தன்.

முருகானந்தம் நம்பர் போனில் 'அறுபத்தொண்ணு' என்றுதான் சேமித்திருந்தார். அழுத்தினார். ஒரு பெண் குரல் எடுத்தது. அவன் மனைவி பிரவீனா.

"பாய்ங்களா? அறுபத்தொண்ணு ஊடுதானுங்க. சொல்லுங்க."

அவர் ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். முருகானந்தம் இருக்கிறாரா என்று, இருக்கிறாரா என்று மரியாதை போட்டுக் கேட்டார். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கொடிக்காலுக்குப் போயிருக்கிறார் என்றாள். அவர் நடந்ததைச் சொன்னார். அந்தப் பேரை வைத்தது தான்தான், வைத்திருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

"அந்த வீடியோவ அழிங்கன்னு நானு எத்தன வாட்டி சொல்லியிருப்பேனுங்க. அழிக்கவே இல்லை. என்னைக்காச்சும் முழுசா வரும்ன்னு வெச்சுட்டு இருக்கறாரு." லேப்டாப் திறக்கும் சத்தம் கேட்டது. "இதுல குடுக்கறது ஒண்ணுன்னு போட்டிருக்குதுங்க. எவ்வளவு வெக்கோணும்?"

"பூட்டே வேண்டாம்மா. எடுத்துருங்க."

பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு ஏழாவதாக ஒரு வரி பட்டியலில் வந்தது. அதன் பக்கத்தில் அறுபத்தொரு சதவீதம் என்று இருந்தது. பூஜ்யம் ஐம்பது ஆயிற்று, இருநூறு ஆயிற்று, அறுநூற்றைம்பதில் நின்று ஓடியது. எண்பத்தொன்பது. தொண்ணூறு. அந்த அரைகுறைக்குள் யாரிடமும் இல்லாத துண்டெல்லாம் இருந்தது. அன்வர் பாய் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றைந்தில் அறுந்தது. வரியே காணோம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். போன் அடித்தால் எடுக்கவில்லை. அஜீஸா பின்னால் நின்று துஆ ஓதினாள். ஐந்தாவது நிமிஷம் வரி திரும்பி வந்தது, கூடவே போனும் வந்தது. முருகானந்தம்.

"ஏனுங்க பாய், இவ போனோட என்னையக் கூப்புட கொடிக்காலுக்கு ஓடியாந்துட்டா. லேப்டாப்புக்கு நெட்டு இந்தப் போனுலதானுங்க. இப்ப ஊட்டுக்கு வந்துட்டேன். ஓடுதுங்களா?"

ஓடியது. பன்னிரண்டு ஐம்பத்து நாலுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு. அதோடு நின்றது. போதும் என்று அன்வர் பாய் வீடியோவைத் தள்ளினார். பங்கு, சுற்றுச்சுவர், மில். இந்தத் தடவை உடையவில்லை.

வண்டி தாண்டிப் போய் நின்றது. பாதுகாப்புக்குப் பின்னால் வந்த காரின் கேமரா எடுத்த படத்தையும் அப்போதே அதில் சேர்த்திருந்தார்; அது மூலையில் சின்னதாக ஓடியது. வால் முதல் கேட்டுக்குள் இறங்கியது, அவர் நினைவில் இருந்தபடியே. கேபினுக்குள் அவர் குரலே அலறியது: நிறுத்துடா, ஸ்லாப்பு போச்சு. சாக்கடை மேலிருந்த ஸ்லாப் உள்வாங்கி, பின் சக்கரம் ஒரு முழம் இறங்கி, இறக்கையின் நுனி மில் சுவரை உரசப் போய் நின்றது. ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். அப்புறம் நாற்பதடி தள்ளியிருந்த இரண்டாவது கேட், கீழே சாக்கடை இல்லாத கெட்டி மண், அதற்குள் விட்டுத்தான் திருப்பியிருக்கிறார்.

ஆறு வருஷத்தில் தலை முதல் கேட்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிட்டது. காலையில் வீடியோ கேட்காமல் இருந்திருந்தால், அவர் வாய்ச்சொல்லை நம்பிக் கந்தப்பன் அதே ஸ்லாப்பின் மேல் ஏற்றியிருப்பான்.

திரையில் ஓடுவதை அப்படியே போனில் வீடியோவாக எடுத்து அனுப்பினார். பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. கூடவே கந்தப்பனைக் கூப்பிட்டார்.

"காலையில சொன்னது தப்பு. மொத கேட்டை மறந்துரு. ரெண்டாவது கேட்டு."

கந்தப்பன் கடப்பாறையை எடுத்துக்கொண்டு போய்ப் புதுப்பூச்சின் மேல் நாலு போடு போட்டான். நாலாவதில் கடப்பாறை கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. இன்ஜினியர் அதைப் பார்த்தார், வீடியோவைப் பார்த்தார், ஸ்லாப்பை இன்னொரு தடவை பார்த்தார். இரண்டாவது கேட் வாசலில் நின்ற டிராக்டர்களை எடுக்கச் சொல்லி அவரே கத்தினார்.

மூன்று பத்துக்கு வீடியோ காலில் அன்வர் பாய் பார்த்தார். சூரமங்கலத்தில் அரிசி டிரம் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு இருநூறு அடியைத் திருப்பினார். வால் கேட்டுக்குள் போயிற்று. ரிமோட் பையன் கையைத் தூக்கினான். இன்ஜின் உறுமி, முகம் மெதுவாக வந்து கிளை ரோட்டைக் கவ்வியது. ஒரு சுவர் உரசவில்லை, ஒரு கம்பி அறுபடவில்லை. ஊர்க்காரர்கள் விசிலடித்தார்கள். அவருடைய மடங்காத கால் தானாகவே இல்லாத ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்ததை அஜீஸா பார்த்தாள்.

ஐந்து மணிக்கு ஜெகதீஸ்வரன் பேசினார். ஆறு இறக்கையும் அதே வழி, வழி சொல்வதும் அதே ஆள், இன்ஜினியரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்றார். ஹார்டு டிஸ்க் போனதை ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்டார். புதுசு இரண்டு வாங்கி அனுப்புகிறேன், ஒன்றை என் ஆபீஸில் வையுங்கள், எதையும் இன்வர்ட்டர் மேல் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். இன்வர்ட்டர் விஷயத்தைச் சரிதா யாரிடமோ சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே முருகானந்தத்தைக் குரூப்பில் திரும்பச் சேர்த்தார்கள். என்ன பேசுவான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் ஒரே ஒரு குரல் பதிவு போட்டான்.

"பாய், எத்தனையில நிக்குதுங்க?"

அன்வர் பாய்க்கு உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை. தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு. அந்த மிச்சம் யாரிடமும் கிடையாது, உலகத்திலேயே கிடையாது. ஓட்டிப் பார்த்துவிட்டார், ராணிபென்னூர் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டி நிற்கும் இடத்தில் படம் கொஞ்சம் தாவுகிறது, அவ்வளவுதான்.

"அப்ப முழுசா வரலீங்களா," என்றான் முருகானந்தம். "உங்க லேப்டாப்புக்கு அவ்வளவுதானுங்க யோகம், தொண்ணூத்தொம்போது."

முப்பத்தெட்டு பேர் சிரித்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. இப்போது நாமக்கல்லில் அவரை யாரும் அன்வர் பாய் என்று கூப்பிடுவதில்லை. தொண்ணூத்தொம்போது சொல்லிட்டாரா, அப்ப ஏத்து என்கிறார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் மெயினை அணைப்பதில்லை.

அன்றைக்கு மஃரிப் தொழுகைக்கு எழுவதற்கு முன் கடைசியாகத் திரையைப் பார்த்தார். வாங்குவது பூஜ்யம். கொடுப்பது எண்ணூறு. ஏழாவது வரியில் இருந்த அறுபத்தொன்று, எழுபத்து மூன்று ஆகியிருந்தது.